நெல் மூட்டையின் உயரம்

அப்பா காலையில் எழுந்திருப்பதை நான் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் வீடு இரண்டே அறை. முன்னறையில் அப்பாவின் பலகைக் கட்டில். சமையலறையை ஒட்டிய உள்ளறையில் அம்மாவும் நானும் படுப்போம். விடிகிற நேரத்தில் முதலில் பலகை ஒருமுறை முனகும். அவர் ஒருக்களித்துத் திரும்புகிறார் என்று பொருள். அடுத்தது உள்ளங்கை சுவரில் பதியும் சத்தம். அதன்பின் பற்களுக்கிடையே இழுக்கும் மூச்சு, கால்கள் தரையைத் தேடும் உரசல், கடைசியாக இடுப்பு பெல்ட்டின் கொக்கிகள் ஒவ்வொன்றாக மாட்டப்படும் சத்தம். சுவரில் கை பட்டதற்கும் கால் தரையில் பட்டதற்கும் நடுவே அமைதி நீண்டால் அன்றைய நாள் மோசம். அம்மா எழுந்துபோய் ஒத்தடத்துக்கு இரும்புச் சட்டியில் மணல் வறுக்கத் தொடங்குவாள்.

அவர் அப்போது ஐம்பத்தெட்டு வயது முடிந்து ஓய்வு பெற்றிருந்தார். கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. ஆயுள் முழுக்க சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்து, காலையும் மாலையும் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கியவர். கிங்ஸ் சர்க்கிள் டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழ் முதுகில் எலும்புகளுக்கு நடுவே இருக்கவேண்டிய இடைவெளி இரண்டு இடங்களில் கோடாகச் சுருங்கியிருந்தது. முழங்கால் மூட்டுகளும் அப்படித்தான். "வயசானா வர்ற தேய்மானம். இது போகாது. இதோட இருக்கக் கத்துக்கணும்" என்றார்.

செம்பூரில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டிப்ளமோ படித்த வரைவாளர். இயந்திரப் பாகங்களை டிரேசிங் தாளில் மையால் வரைவதும், அவற்றுக்கான பொருள்களை ஓரத்தில் வரிசைப்படுத்தி எழுதுவதும் என் வேலை. எது வந்தாலும் வரிசைப்படுத்தினால் பாதி பயம் குறைந்துவிடும் என்பது என் பழக்கம். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த அன்றே ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். இடது பக்கம் செய்ய வேண்டியவை: பலகையில் படுக்கை, ஒருக்களித்து எழுந்திருத்தல், வெந்நீர் ஒத்தடம், சாப்பிட்ட பிறகு மட்டும் மாத்திரை, நடை. வலது பக்கம் கூடாதவை: தரையில் உட்காருவது, குந்துவது, வாளி தூக்குவது, ஒரே இடத்தில் வெகுநேரம் இருப்பது.

அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வலது பக்கத்தைப் படித்தார்.

"தரையில உக்காரப்படாது, குந்தப்படாது. அப்போ நான் சந்தி பண்றது, சாப்பிடறது, கொல்லைக்குப் போறது எல்லாத்தையும் ராஜினாமா பண்ணிடணுமா? ஆபீஸ்ல கூட ஒரு வேலையைத்தான்டி விட்டேன்."

சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அதில் எதுவும் மிகை இல்லை. எங்கள் வீட்டில் தரையில் நடக்காத காரியம் என்று எதுவுமே இல்லை. சந்தியாவந்தனம் நாற்காலிக்கு வந்தது. அது அவருக்கு வெட்கமாக இருந்ததால் கதவைச் சாத்திக்கொண்டு பண்ணினார். சாப்பாடு மடக்கு மேஜைக்கு வந்தது. கழிப்பறைக்குத்தான் மாற்று இல்லை. சுவரோரம் ஓடும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அதையே பிடித்து ஏறி வருவார். வெளியே வரும்போது முகம் வியர்த்திருக்கும். நாங்கள் இருவரும் வேறெங்கோ பார்ப்போம்.

இப்படி வலியோடு ஒரு ஒழுங்குக்கு வந்திருந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் வழக்கத்தில் தாலி கட்டும்போது மணப்பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். அப்பா நெல் மூட்டையின் மேல் உட்காருவார். பக்கத்தில் அம்மா நிற்பாள். மாப்பிள்ளை எதிரே நின்று கட்டுவார். எத்தனையோ கல்யாணங்களில் பார்த்ததுதான். பூவும் நகையுமாகப் பெண் உட்கார்ந்திருக்க, அவளுக்குப் பின்னால் இருக்கும் அப்பாவை யாரும் கவனிப்பதில்லை. நானும் கவனித்ததில்லை. நிச்சயதார்த்தம் முடிந்த அன்று அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டாவது முறை முயன்றபோதுதான் எனக்கு அது உறைத்தது.

பெரியப்பாவுக்கும் அப்போதே உறைத்திருக்க வேண்டும். அப்பாவின் அண்ணா அவர், மூத்தவர். ஆனாலும் தினம் பக்கத்திலிருக்கும் ஐந்து பூங்காக்களையும் சுற்றி வேகநடை போகிறவர். அவருக்கு எல்லாம் பிள்ளைகள், பெண் கிடையாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"டேய், கன்னிகாதானத்துக்கு நானும் மன்னியுமா உக்காந்துடறோமே. உனக்கு முடியாதுன்னு இல்லை. எதுக்கு சிரமம்? உன் பொண்ணு என் பொண்ணு இல்லையா?"

பெரியப்பா மறுபடியும் சொன்னார். "எனக்கும் இந்த ஜன்மத்துல வேற சான்ஸ் கிடையாதுடா."

"அண்ணா, எனக்கும்தான் கிடையாது" என்றார் அப்பா.

அவ்வளவுதான் பேச்சு. பெரியப்பா போனபிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். "நீ இன்ஜினீயரிங் டிராயிங் படிச்சவதானே. உங்கப்பன் உன்னை மடியில வச்சுண்டு உக்கார முடியுமா முடியாதான்னு கணக்குப் போட்டுச் சொல்லு."

அவர் விளையாட்டாகக் கேட்டிருக்கலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மாட்டுங்கா ஸ்டேஷனில் காசு போட்டால் எடை சொல்லும் இயந்திரத்தில் ஏறி நின்றேன். அட்டையின் ஒரு பக்கம் எடை. மறுபக்கம், பெரியவர்களின் ஆதரவு எனக்கு எப்போதும் உண்டு என்று இங்கிலீஷில் ஜோசியம். என் எடையோடு ஒன்பது கஜம் கூறைப்புடவை, இரண்டு மாலைகள், அம்மாவின் ஒட்டியாணம் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினேன். ஒட்டியாணத்தை அடித்தேன். ஒரு மாலையையும் அடித்தேன். மிச்சம் இருந்ததில் பெரும்பகுதி நான்தான். அதனால் ராத்திரிச் சாப்பாட்டை மோர் மட்டும் என்று ஆக்கினேன்.

"கல்யாணப் பொண்ணு இப்படியா காஞ்சு போய் நிப்பா? பிள்ளையாத்துக்காரா என்ன நினைப்பா?" என்று அம்மா கத்தினாள்.

"ஒல்லியா இருக்கான்னு நினைப்பா."

"நாக்கு மட்டும் இளைக்கவே இல்லை."

ஆனால் எடையைவிட முக்கியம் உயரம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. நெல் மூட்டை தாழ்வானது, உட்கார்ந்தால் அமுங்கிப் பக்கவாட்டில் வழியும். முழங்கால்கள் இடுப்புக்கு மேலே ஏறும், முதுகு வளையும். அந்த நிலையில் மடியில் ஒரு பாரம் ஏறினால் எல்லாம் அந்தத் தேய்ந்த இரண்டு இடங்களில்தான் போய் இறங்கும். மூட்டை அமுங்காமல் இருக்க வேண்டும், உயரமும் வேண்டும். அதுபோக, அந்த வருடம் பம்பாயில் அரிசிக்கே ரேஷன் கடையில் வரிசை. உமி நீக்காத நெல் முழு மூட்டையாகக் கிடைக்க வழியே இல்லை. வாத்தியாரிடம் கேட்டதற்கு, "சாஸ்திரத்துக்கு ஒரு படி நெல் இருந்தா போறும். கீழே வைக்கோலோ உமியோ ரொப்பிக்கோங்கோ. இந்தக் காலத்துல யார் மூட்டையைப் பிரிச்சுப் பாக்கறா?" என்று அனுமதி கொடுத்துவிட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. சாக்குக்குள் ஒரு ஸ்டூல். அதைச் சுற்றி உமி. மேலே ஒரு படி நெல். அதற்குமேல் ஜமக்காளம்.

மதிய இடைவேளைகளில் அதை வரைந்தேன். மேலிருந்து ஒரு தோற்றம், பக்கத்திலிருந்து ஒன்று, சாக்கோடு சேர்த்து ஒரு வெட்டுத்தோற்றம். உட்காரும் பலகை முன்பக்கமாக லேசாகச் சரிய வேண்டும், அப்போதுதான் இடுப்பு முழங்காலுக்கு மேலே நிற்கும். கால்கள் அடியில் அகல வேண்டும். சாக்கு கிழியாமல் இருக்க விளிம்புகள் எல்லாம் உருண்டையாக. நான் வரைந்ததிலேயே நன்றாக வந்த படம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்துத் தச்சர் ஒருவர் எங்கள் தொழிற்சாலைக்குப் பெட்டிகள் செய்து கொடுப்பவர். சனிக்கிழமை மதியம் அவர் பட்டறைக்குப் போனேன். படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், பிறகு நேராக.

"ஏ யம்மா, படம்லாம் சோக்காத்தான் போட்டிருக்கீய. பலவ சாஞ்சில்லா இருக்கு? தப்பா போட்டுட்டீயளோ?"

"தப்பு இல்லை. சாய்வாத்தான் வேணும்."

"ஒக்காருத ஆளு முன்னால சறுக்கி வுழமாட்டாவளா?"

"அவர் மேல ஒரு ஆள் உக்காரும். சறுக்காது."

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சர்க்கஸா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஐயமாரு வீட்டுல பொண்ணு அப்பன் மடியிலயா ஒக்காரணும்? எங்கள்ல அப்பன்காரன் எட்ட நின்னு அழுவான். அதுக்கு இடுப்பு வேண்டாம்லா."

தேக்கில் செய்தால் கனக்கும் என்று சொல்லி வேறு மரத்தில் செய்து கொடுத்தார். குறையே இல்லை. அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பஸ்ஸில் எடுத்துவந்தேன். கண்டக்டர் "யே க்யா ஹை, மேடம்?" என்று பொட்டலத்தைக் காட்டி என்னவென்று கேட்டு, அதற்குத் தனி டிக்கெட் போட்டார்.

ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. என்னை மடியில் உட்கார்த்திப் பார்க்க அப்பா சம்மதிக்கவில்லை. "ஒரு தரம்தான் அது. ரிகர்சல் எல்லாம் கிடையாது" என்றார். எனவே படுக்கை சுருட்டும் ஹோல்டால் பையில் என் டிப்ளமோப் புத்தகங்கள், அம்மாவின் இரும்பு உலக்கை, இரண்டு செங்கல் எல்லாவற்றையும் போட்டுக் கட்டி, அம்மாவும் நானும் தூக்கி அவர் மடியில் வைத்தோம். அப்பா ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஹோல்டாலை அணைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

"மாப்பிள்ளை கொடுத்து வச்சவன். பொண்ணு பேசமாட்டா."

நெற்றியில் வியர்வை இருந்தது. ஆனால் வெகுநேரம் இருக்க முடிந்தது; எழுந்திருக்கவும் முடிந்தது. அன்று அவர் உற்சாகமாக இருந்தார். கதவைச் சாத்தாமலே சந்தி பண்ணினார்.

அடுத்த நாட்களில் எனக்குப் புரியாத ஒன்று நடந்தது. பெரியப்பா ஒருநாள் சாயங்காலம் வந்தார். அப்பாவும் அவரும் பால்கனியில் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். பெரியப்பா "யோசிச்சுத்தான் சொல்றயா?" என்று இரண்டு முறை கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது. போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். பெரியப்பா கன்னிகாதானத்தை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று மட்டும் நான் நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் மாட்டுங்காவிலேயே ஒரு சிறிய மண்டபத்தில். அன்று காலை ஒரு சிக்கல், அது நான் ஏற்கெனவே கணக்கில் எடுத்திருந்ததுதான். தானம் கொடுப்பவர் அது முடியும்வரை சாப்பிடக்கூடாது. மாத்திரையோ சாப்பிட்ட பிறகுதான். வெறும் வயிற்றில் போட்டால் குடல் புண்ணாகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். எனவே மாத்திரை இல்லை. அதற்குப் பதிலாக அம்மா விடிகாலையிலேயே மணல் ஒத்தடம் கொடுத்து, தைலம் தேய்த்து, பெல்ட்டைக் கடைசிக் கொக்கிவரை இழுத்து மாட்டிவிட்டாள். பஞ்சகச்சத்துக்கு மேல் பெல்ட் தெரியாமல் இருக்க அங்கவஸ்திரத்தை அகலமாக மடித்து இடுப்பில் சுற்றினாள். வெற்று மார்பும் அகலமான இடுப்புமாக அப்பாவைப் பார்க்க யாரோ போலிருந்தது.

மூட்டையை மண்டபத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பைப் பெரியப்பா ஏற்றிருந்தார். மணையோரம் அது ஜமக்காளம் போர்த்தி இருந்தது. உயரம் சற்றுக் குறைவோ என்று தோன்றியது. நெருங்கிப் போய்ப் பார்க்க முடியவில்லை. மணப்பெண் எதையும் நெருங்கிப் போய்ப் பார்க்க முடியாது.

கூறைப்புடவை கட்டிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது அப்பா மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். முழங்கால்கள் உயர்ந்திருந்தன. வாத்தியார் "உக்காரும்மா" என்றார். யாரோ என் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். நான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த கணமே தெரிந்துவிட்டது. எங்களுக்குக் கீழே மரம் இல்லை. என் எடை அவர் தொடைகளில் இறங்க இறங்க, அவருக்கும் கீழே ஏதோ மெல்லச் சரிந்து வழி விட்டது. சாக்குக்குள் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும் சரசரப்பு மேளத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. முழு நெல். விளிம்புவரை நெல். அவர் முதுகு வளைவதை என் முதுகால் உணர்ந்தேன். மூச்சு என் பிடரியில் பட்டது, பற்களுக்கிடையே இழுக்கும் அதே மூச்சு.

நான் உடனே பாதங்களைத் தரையில் அழுத்தி, தொடைகளை இறுக்கி, என் பாரத்தை நானே தாங்கிக்கொண்டேன். மடிசாரின் மடிப்புகளுக்குள் அது யாருக்கும் தெரியாது. வெளியே பார்ப்பவர்களுக்கு நான் அப்பா மடியில் உட்கார்ந்திருந்தேன். உண்மையில் அவர் மடிக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுகொண்டிருந்தேன். வாத்தியார் மந்திரத்தை இழுத்தார். நல்ல நேரம் வரவில்லையாம். தொடைகள் நடுங்கத் தொடங்கின.

காதருகில் அப்பாவின் குரல் வந்தது. "நன்னா உக்காரு."

"உக்காந்துண்டுதான்பா இருக்கேன்."

"பொய் சொல்லாதே. மடியில கனமே இல்லை."

"ஸ்டூல் எங்கப்பா?"

"ஆத்துல இருக்கு. உக்காருடி."

"வேண்டாம்ப்பா. உங்களுக்கு வலிக்கும்."

"வலிக்கட்டும். இதுக்காகத்தானே உக்காந்திருக்கேன். உக்காரு, குழந்தே."

அம்மா பக்கத்தில் செம்பை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. "பேசாதேங்கோ ரெண்டு பேரும், எல்லாரும் பாக்கறா" என்றாள் உதடு அசையாமல்.

நான் கால்களைத் தளர்த்தினேன். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு பாரத்தைக் கயிற்றில் இறக்குவதுபோல இறக்கினேன். கடைசியில் என் முழு எடையும் அவர்மேல் இருந்தது. அவர் கைகள் என் இடுப்பைச் சுற்றி வந்து பிடித்துக்கொண்டன. வலிக்கிறவன் எதையாவது பிடிப்பான், அந்தப் பிடியா, மகளைப் பிடிக்கும் பிடியா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கெட்டிமேளம் வாசித்தார்கள். தாலி கழுத்தில் விழுந்தது. நாத்தனார் பின்னால் குனிந்து முடிச்சுப் போட்டாள். அப்பா என் பிடரியில் "ராமா, ராமா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அட்சதை தூவியவர்களுக்கு அது ஆசீர்வாதமாகக் கேட்டிருக்கும்.

எழுந்திருக்கச் சொன்னார்கள். எழுந்தேன். அப்பா எழுந்திருக்கவில்லை.

அதற்குள் மாப்பிள்ளை என் கையைப் பிடித்தாகிவிட்டது. பிடித்த கையை விடக்கூடாது. ஏழு அடி நடக்க வேண்டும், அக்கினியைச் சுற்றி வர வேண்டும், அம்மி மிதிக்க வேண்டும். கூட்டம் எங்களோடு நகர்ந்தது. போட்டோக்காரர், வாத்தியார், பெண்கள் எல்லோரும் இந்தப் பக்கம். நெல் மூட்டை அந்தப் பக்கம். அக்கினியைச் சுற்றும்போது ஒவ்வொரு முறையும் ஒரு இடத்தில் எனக்கு அவர் தெரிந்தார். முதல் சுற்றில் இரண்டு கையையும் மூட்டையில் ஊன்றியிருந்தார். அடுத்த சுற்றில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பார்த்து ரசிப்பவர்போல முகத்தை வைத்திருந்தார். எழுந்திருக்கும் முயற்சியை விட்டுவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. யாரோ ஒரு மாமி குனிந்து, "பொண்ணைக் குடுத்த துக்கம், பாவம், எழுந்திருக்கவே மனசு வரல" என்று சொன்னாள். அவர் தலையாட்டினார்.

கடைசிச் சுற்றில் பார்த்தபோது பெரியப்பா அவருக்கு அருகே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள், அல்லது பேசுவதுபோல இருந்தார்கள். தம்பி எழுந்திருக்க முடியாமல் இருப்பது தெரியாமல் இருக்க அண்ணா கூட உட்கார்ந்துகொண்டார். பந்திக்கு எல்லோரும் போன பிறகு, பெரியப்பாவும் அவர் பிள்ளைகளும் அப்பாவைத் தூக்கி அறைக்குள் கொண்டுபோனார்களாம். அம்மா பிறகு சொன்னாள்.

நெல் எங்கிருந்து வந்தது என்பதையும் அம்மாதான் சொன்னாள். ஒத்திகை நடந்த மறுநாளே அப்பா பெரியப்பாவுக்குச் சொல்லியனுப்பியிருந்தார். பெரியப்பா தானே நகரத்தைத் தாண்டி ஏதோ ஊருக்குப் போய், தெரிந்தவர் ஒருவர் மூலம் அந்த மூட்டையைக் கொண்டுவந்தார். மகளை மடியில் வைத்துக் கொடுக்க ஆசைப்பட்டவர், தம்பி உட்காருவதற்கு நெல் தேடிப் போனார். மறுவீட்டுக்கு வந்திருந்தபோது அப்பாவிடமே கேட்டேன். அப்பா பலகைக் கட்டிலில் இருந்தார்.

"ஏம்ப்பா? ஸ்டூல்ல நன்னாத்தானே உக்காந்தேள்?"

"நன்னாத்தான் இருந்தது. உன் பேர்ல தப்பே இல்லை. ஆனா தானம் குடுக்கறவன் தானியத்து மேல உக்காரணும். வெளில நெல்லு, உள்ள தச்சன் பண்ணின பலகைன்னு வச்சுண்டு, அக்னி முன்னாடி பொண்ணைக் குடுக்கச் சொல்றியா? எனக்கு வாயில மந்திரம் வராது."

"வாத்தியாரே சரின்னுட்டாரே."

"வாத்தியார் பொண்ணைக் குடுக்கல. நான் குடுத்தேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று ஏறிய வலி இறங்கவில்லை. முதலில் இடது தொடையின் பின்பக்கமாக ஓடியது. பிறகு கால் கட்டைவிரல் மரத்துப்போனது. ஆஸ்பத்திரியில் உஷ்ணக் கருவி வைத்தார்கள், இழுவைக் கட்டு போட்டார்கள். டாக்டர் மறுபடியும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, இது எப்படியும் ஒருநாள் வந்திருக்கும், கல்யாணத்தால்தான் என்று சொல்ல முடியாது என்றார். அதை அப்பா எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். இப்போது அவர் கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும், ஜன்னலிலிருந்து கழிப்பறை வரைக்கும் கோலூன்றி நடக்கிறார். மாடிப்படி இறங்குவதில்லை.

செம்பூரில் என் வீட்டை அவர் இன்னும் பார்க்கவில்லை. பொங்கல் சீரைப் பெரியப்பாதான் கொண்டுவந்தார். வாசலில் தட்டைக் கொடுத்துவிட்டு, "உங்கப்பா குடுத்ததுன்னு வச்சுக்கோ" என்றார். வீட்டுப் படத்தை நானே வரைந்து அப்பாவுக்குக் கொடுத்தேன். அறைகள், ஜன்னல்கள், அடுப்பு இருக்கும் இடம், பஸ் நிற்கும் திசை. அவர் அதைப் பார்த்து, "இந்தக் கதவு இந்தப் பக்கம் திறந்தா அலமாரி இடிக்குமே" என்றார். இடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்காவுக்குப் போகிறேன். அலமாரிக் கதவில் என் பழைய தாள் இருக்கிறது. இடது பக்கத்தில் நடையை அம்மா பென்சிலால் அடித்திருக்கிறாள். மணல் வறுக்கும் வேலை முழுக்க இப்போது அவளுடையது. அவளுக்கும் குனிந்தால் நிமிர நேரமாகிறது. அவள் சொல்வதில்லை. சட்டியை இறக்கும்போது மேடையைப் பிடித்துக்கொள்வதை நான் பார்த்தேன்.

கழிப்பறைக் குழாயைப் பிடித்து இறங்குவது அப்பாவுக்கு முடியாமல் போனது போன மழைக்காலத்தில். அம்மா தனியாக அவரைத் தாங்கிப் பிடித்து, இருவருமாகச் சுவரில் சாய்ந்து விழப்போனார்கள். நான் கதவுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலை எடுத்தேன். ஒத்திகைக்குப் பிறகு திரும்பச் சுற்றி வைத்த செய்தித்தாள் அப்படியே இருந்தது, யாரும் பிரிக்கவேயில்லை. தாராவிக்கு எடுத்துப் போனேன்.

தச்சருக்கு நினைவிருந்தது. "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது. இதுக்கு நடுவில ஒரு வட்ட ஓட்டை போடணும். விளிம்பு குத்தக்கூடாது."

அவர் ஓட்டையின் அளவைக் கேட்டார். எதற்கு என்று கேட்கவில்லை. நான் நிற்கும்போதே வட்டம் போட்டு அறுத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார். "அப்பாவா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தண்ணீர் இறங்காமல் இருக்க வார்னிஷ் அடிக்கும்படி சொன்னார்.

அந்த வாரம் அப்பா முதல்முறை அதை உபயோகித்தபோது நான் வீட்டில் இருந்தேன். கோல் சுவரில் சாத்தப்பட்ட சத்தம், ஸ்டூலின் கால் ஒன்று தரையில் உரசியது, பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அம்மாவும் நானும் கதவுக்கு வெளியே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

"முடியறதாப்பா?"

"முடியறது." உள்ளேயிருந்து குரல் வந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு, "உயரம் சரியாத்தான்டி இருக்கு" என்றார்.